சிவப்புப் புல்லியும் மஞ்சள் கோடும்

என் மனைவி கோடு போடுகிறவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை அவளுக்கு வேலை. போல்ட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரே இழுப்பாக ஒரு கோடு இழுப்பார்கள். பின்னால் அந்த போல்ட் நூல் அளவு கழன்றாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பழக்கத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். எங்கள் முகப்பேர் ஃபிளாட்டில் சீலிங் ஃபேன், கட்டில் கால், தண்ணீர் மோட்டார் என எதைப் பார்த்தாலும் மஞ்சள் கோடு இருக்கும். கல்யாணமான புதிதில், என் நெற்றியிலும் ஒன்று போட்டுவிடப் போகிறாள் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். ஐ.டி. வேலைக்காக இங்கே வந்து, இந்த அம்பத்தூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவான பைத்தியம் ஒன்று உண்டு, ஒரு பழைய பெட்ரோல் கார். நான்கு வருடமாக அதன் எஞ்சினைப் பிரித்து மாட்டி, கேம்ஷாஃப்டை மாற்றி, கம்பெனி நினைத்தே பார்க்காத வேகத்தில் சுற்ற வைத்திருந்தோம். மற்ற தம்பதிகள் சனிக்கிழமை மால் போவார்கள். நாங்கள் அம்பத்தூரில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போவோம். அங்கே எங்கள் மெக்கானிக் இருப்பார். கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்க நக்கல்.

அவர்தான் ஒரு சனிக்கிழமை வண்டியின் அடியிலிருந்து தலையை நீட்டி, "சார், டேம்பர் பூட்ச்சி" என்றார்.

எஞ்சினின் கிராங்க் தண்டின் முன்முனையில் ஒரு சக்கரம் இருக்கும். பெல்ட் ஓடுவது அதன் மேல்தான். பார்வைக்கு வெறும் புல்லி, ஆனால் நடுவில் ரப்பர் வளையம் வைத்து, எஞ்சினின் அதிர்வைத் தாங்குகிற மாதிரி செய்திருப்பார்கள். அதனால் அதற்கு டேம்பர் என்று பெயர். எங்கள் வண்டியில் அந்த ரப்பர் காய்ந்த முறுக்கு மாதிரி வெடித்திருந்தது. நாங்கள் எஞ்சினை முறுக்கிய முறுக்குக்கு அது இத்தனை நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

புதிதாக எதை வாங்குவது என்று நாங்கள் கலந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பார்சல் வந்தது. ஒன்று நான் வரவழைத்தது. பளபளவென்று சிவப்பு, முழுக்க அலுமினியம். கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. இன்னொன்று அவள் கோயம்புத்தூரில் சொல்லி வாங்கியது. கறுப்பு. தூக்கும்போதே தோள் இறங்கியது. உள்ளே பசை மாதிரியான ஒரு திரவத்தில் கனமான இரும்பு வளையம் மிதக்கிறதாம். வெளியே எல்லாப் பக்கமும் மூடி முத்திரை போட்ட மாதிரி இருந்தது.

"எடை குறைஞ்சா எஞ்சின் சீக்கிரம் ஏறும். இது எட்டாம் கிளாஸ் பிசிக்ஸ்" என்றேன் நான்.

அவள் துவைத்த மெத்தை விரிப்பை எடுத்துக்கொண்டு என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்தோம். திடீரென்று அவள் தன் முனையை வெடுக்கென்று திருகினாள். என் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

"இதுதான் கிராங்க்" என்றாள். "ஒவ்வொரு தடவை உள்ள பெட்ரோல் வெடிக்கும்போதும் அது இப்படி முறுக்கிட்டு நிமிரும். கண்ணுக்குத் தெரியாது. ஏதோ ஒரு வேகத்துல அதுவே தாளம் புடிச்சு ஆட ஆரம்பிச்சா, போல்ட்டு கழலும், ஒருநாள் தண்டே விரிசல் விடும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் டேம்பர். உன்னோடது அடக்காது. அழகா சுத்தும், அவ்ளோதான்."

"இரும்பு எங்கயாவது முறுக்கிக்குமா?" என்று கேட்டுவிட்டேன். இரும்போடு தினமும் எட்டு மணிநேரம் இருக்கிறவளிடம், கீபோர்டோடு இருக்கிற நான். அதைக் கேட்டபோதே தப்பு என்று தெரிந்தது. ஆனால் பின்வாங்குகிற பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை. நான் பதினோரு வீடியோ பார்த்திருந்தேன். ஆவடி, பூந்தமல்லி நண்பர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில் சிவப்புப் புல்லியின் படத்தை ஏற்கனவே போட்டிருந்தேன். "மாமே, செம" என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் எப்படிக் கறுப்பை மாட்டுவது?

ஒரு வாரம் வீட்டில் சாம்பாரில் உப்புக்கூட பிசிக்ஸ் ஆகிப்போனது. கடைசியில் அவள்தான் வழிக்கு வந்தாள், அவளுக்கே உரிய வழியில்.

"சரி, சிவப்பையே போடு. ஆனா போல்ட்ல நான் கோடு போடுவேன். நம்ம டிராக்குக்குப் போற நாள் வரைக்கும் கோடு விலகலன்னா நான் தோத்தேன். விலகிச்சுன்னா அன்னைக்கே கழட்டிட்டுக் கறுப்பு. நீயே குரூப்ல சொல்லணும், அவ சொன்னதுதான் சரின்னு. எது இருந்தாலும் டிராக்ல மொத ரவுண்டு நான்தான் ஓட்டுவேன்."

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கிற ரேஸ் டிராக்கில், சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் இடம் பதிவு செய்திருந்தோம். இரண்டு மாதம் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

மெக்கானிக் இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தார். "இன்னா சார், மேடம் வேணாங்கிறாங்க, நீ வேணுங்கிற. நடுவுல நான் இன்னா பண்றது?" என்று புலம்பியபடியே சிவப்பை மாட்டினார். மனைவி பேனாவை எடுத்து, போல்ட் தலையிலிருந்து புல்லியின் விளிம்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். அளவுகோல் வைத்த மாதிரி இருந்தது. பிறகு சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பை மாட்டினார்கள். அந்த மறைப்பில் வடை அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டு, டார்ச் அடித்து அதன் வழியே பார்த்தால் போல்ட்டும் சுற்றிக் கொஞ்சம் சிவப்பும் தெரியும். மூன்று வாரம் நான் தினமும் காலையில் அந்த ஓட்டையில் முகம் வைத்துப் பார்த்தேன். எதிர் ஃபிளாட் மாமா, வண்டிக்கடியில் பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று விசாரித்தார்.

நான்காவது வாரம் கோடு விலகியிருந்தது.

நகக்கண் அகலம்தான். போல்ட்டின் மேல் இருந்த கோடு ஒரு பக்கம், புல்லியின் மேல் இருந்த கோடு இன்னொரு பக்கம். உடனே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது அப்படி வேகமாக வேலை செய்வதை ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. மெக்கானிக் சரியாக முறுக்கியிருக்க மாட்டார். புது போல்ட் ஒருமுறை இளகித்தான் உட்காரும். இது விலகல் இல்லை, உட்கார்தல். இதற்குப் போய் யாராவது குரூப்பில் மன்னிப்புக் கேட்பார்களா?

அவள் சனிக்கிழமை ஷிஃப்ட்டில் இருந்தாள். ஓட்டை வழியாகவே ஸ்பேனரை விட்டு, அதன் பிடியில் நீளக் குழாய் மாட்டி போல்ட்டை முறுக்கினேன். காது குடையும் பஞ்சை அவளுடைய நகப்பூச்சு ரிமூவரில் நனைத்து, ஊதுவத்திக் குச்சியில் கட்டி, பழைய கோட்டைத் துடைத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, ஆகவே ஓட்டையில் தெரிந்தவரைக்கும் சுத்தமாகத் துடைத்தேன். பிறகு அவள் மேசையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்து, தோசைக்கரண்டிக் காம்பில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு கோடு வரைந்தேன். கொஞ்சம் கோணல்தான். ஓட்டை வழியே யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அன்று மாலை அவள் கேட்டாள், "கோடு பார்த்தியா?"

"இருக்கே" என்றேன். அது பொய்யும் இல்லை.

மறுநாள் மாதா கோயில் ஞாயிறு பூசையில் அவள் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தபோது முதுகில் யாரோ டார்ச் அடிக்கிற மாதிரியே இருந்தது. கோயிலைவிட்டு வெளியே வந்ததும் சரியாகிவிட்டது. எனக்கு மனசாட்சி உண்டு. ஆனால் காற்றோட்டமான இடத்தில் அது அடங்கிவிடும்.

அடுத்த சனிக்கிழமை, "வீல் அலைன்மென்ட் பண்ணிட்டு வரேன்" என்று அவளே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம்தான் வந்தாள். நான் பயந்துபோய் உடனே டார்ச்சோடு ஓடிப் பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. என் கோணல் கோடும் அப்படியே இருந்தது. அன்று ராத்திரி நான் கேட்காமலே முட்டைக் குழம்பு வைத்திருந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் என் வாயைப் பிடிக்க ஆளில்லை. கோடு விலகவே இல்லை. தினமும் பார்த்தேன், ஒரு மயிரிழை கூட நகரவில்லை. காட்டுப்பாக்கம் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி பாய்ந்தபோது, "பார்த்தியா, எடை இல்லாத மாதிரி எப்படி ஏறுது" என்றேன். "ஆமா, தெரியுது" என்றாள். நண்பர்கள் ஒரு ஞாயிறு எங்கள் ஃபிளாட் பார்க்கிங்கில் கூடினார்கள். எஞ்சினை ஓடவிட்டு, அதன் மேல் ஒரு டம்ளர் டீயை விளிம்பு வரைக்கும் ஊற்றி வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"மச்சான், வெண்ணெய் மாதிரி இருக்கு. எல்லாம் அந்த லைட் வெயிட் புல்லி" என்றான் ஆவடி நண்பன்.

"கனம் போட்டிருந்தா இந்த டீ இப்ப தரையில இருக்கும்" என்றேன் நான். டீ கொண்டுவந்தவள் என் மனைவி. டம்ளரையும் அவள்தான் கொடுத்தாள். எல்லோரும் குடித்து முடித்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மெக்கானிக்கும் அன்று வந்திருந்தார். "ஆமா சார், பட்டு மாறி கீது" என்று சொல்லிவிட்டு, திடீரென்று இருமல் வந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

டிராக் நாள் நெருங்க நெருங்கத்தான் எனக்குச் சோறு இறங்காமல் போனது. அவள் கையுறை வாங்கினாள். கண்ணாடி முன் ஹெல்மெட் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது கியரில் எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று என்னிடமே கேட்டாள். ஊருக்குள் ஓட்டுகிற வேகத்துக்கே ஒருமுறை இளகிய போல்ட் அது. டிராக்கில் அவள் எஞ்சினை உச்சத்துக்கு ஏற்றிப் பிடிக்கும்போது அது கழன்றால், பெல்ட் போகும். பெல்ட் போனால் பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாது, கல்லாகிவிடும். அதுவும் வளைவில். இதை ஒரு ராத்திரி நினைத்துவிட்டேன், பிறகு நினைக்காமல் இருக்க முடியவில்லை. எஞ்சின் போனால் போகட்டும். உள்ளே உட்கார்ந்திருக்கப் போவது அவள்.

ஆனாலும் உடனே ஒப்புக்கொள்கிற அளவுக்கு நான் நல்லவனாக இல்லை. குறுக்கு வழி தேடினேன். "மொத ரவுண்டு நான் ஓட்டட்டுமா?" என்று கொஞ்சினேன்.

"எதுக்கு?"

"சும்மா. பாசம்."

"பாசமெல்லாம் ரெண்டாவது ரவுண்டுல காட்டு" என்றாள்.

அடுத்து, அவளுக்குத் தெரியாமல் மெக்கானிக்கிடம் போனேன். கறுப்பு டேம்பரை மாட்டிவிடுங்கள், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "கறுப்பா? அது மேடம் கையில குட்த்துட்டேன் சார். அவங்களாண்ட கேளு. பொண்டாட்டியாண்ட கேக்க இன்னா வெக்கம்?" வீட்டுக்கு வந்து பரணெல்லாம் தேடினேன். கறுப்பு எங்கேயும் இல்லை. நிஜமாகவே இல்லை.

டிராக் நாள் வந்தது. காலை வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினோம். பூந்தமல்லி தாண்டியதும் நான் அறுபதுக்கு மேல் போகவில்லை. லாரிகள் எங்களை முந்திப் போயின. அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பாட்டு முனகினாள். குத்தம்பாக்கம் பக்கம் வந்தபோது என்னால் முடியவில்லை. புதுப் பேருந்து நிலையத்துக்குச் சற்று முன்னால் இருந்த டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டினேன்.

டீ வந்தது. குடிக்கவில்லை.

"அந்தக் கோடு நீ போட்டது இல்ல" என்றேன். "நான் போட்டது. உன்னோடது விலகிடுச்சு. நான் துடைச்சுட்டு வேற போட்டேன். நாலு வாரமாச்சு. நீ இன்னைக்கு இதை ஓட்டக் கூடாது. திரும்பிப் போயிடலாம். குரூப்ல நானே சொல்றேன்."

சொல்லிவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வெட்கமாக நான் என் வாழ்க்கையில் உட்கார்ந்ததில்லை. அவள் தன் டீயை அவசரப்படாமல் குடித்து முடித்தாள்.

"அஞ்சு வாரம்" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"ஓட்டைல தெரிஞ்ச வரைக்கும்தான் துடைச்சிருக்க. மறைப்பைக் கழட்டினா, விளிம்புல என் கோட்டோட மீதி அப்படியே நிக்குது. உன் கோடு ஒரு பக்கம், என் வால் ஒரு பக்கம். அப்புறம் நகப்பூச்சு ரிமூவர் பாட்டில் பாதி காலி. நீ என்ன, கால்ல பாலிஷா போட்டுக்கிட்ட?"

அவள் எழுந்து, வண்டியின் டேஷ்போர்டிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டு, போய்ச் சுரண்டிப் பார் என்றாள். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, நான் மண்ணில் மண்டி போட்டு, வழக்கமான ஓட்டையில் முகத்தை வைத்து, என் சிவப்புப் புல்லியைச் சுரண்டினேன்.

சிவப்பு செதில் செதிலாக வந்தது. உள்ளே கறுப்பு.

வீல் அலைன்மென்ட் அன்றே மாற்றிவிட்டாளாம். மெக்கானிக் இரண்டு கோட் சிவப்பு அடித்தாராம். காய்வதற்காகத்தான் சாயங்காலம் வரைக்கும் ஆகியிருக்கிறது. அதன் மேல் என் கோணல் கோட்டை, அதே கோணல் மாறாமல், அவள் நான்கு முறை அழித்து எழுதிப் போட்டிருக்கிறாள். நல்ல கோடு போடுவதைவிட அது கஷ்டமாக இருந்ததாம். ஆக, காட்டுப்பாக்கம் சிக்னலில் எடையே இல்லாமல் பாய்ந்ததும், டீ சிந்தாமல் நின்றதும், பட்டு மாதிரி இருந்ததும், எல்லாம் அவளுடைய கனமான கறுப்பு டேம்பர்தான். நான் ஒரு மாதம் அனுபவித்த அந்த இலேசு முழுக்கப் பெயின்ட்.

எனக்குக் கோபம் வந்தது. உடனே சிரிப்பும் வந்தது. முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டாமல் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்து அடங்கியதும்தான் எனக்கு உறைத்தது.

"தெரிஞ்ச அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஒத்துக்குவ. நான் கேக்காம, டிராக்ல நான் ஓட்ட ஏறுறதுக்கு முன்னாடி நீயா சொல்றியான்னு பார்க்கணும்னுதான்."

"சொல்லாம இருந்திருந்தா?"

அவள் என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"வண்டிக்கு மட்டும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள்.

நான் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். அவளுடைய ஹெல்மெட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.